அலுமினிய பேர்ஸ் வாங்கலாமா?

பதுளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட, போன் கவர் விற்கும் ஒரு சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று ஒரு காட் பேர்ஸ் கிடந்தது. முழுக்க அலுமினியம். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் உள்ளேயிருக்கும் காட்கள் படிப்படியாக மேலே எழும்பி வரும். விலை 1,200 ரூபாய். "இத வச்சிருந்தா ஒங்க காட்டுலருந்து ஒருத்தனாலயும் சல்லி எடுக்க ஏலாதுங்க" என்றார் கடைக்காரத் தம்பி. எனக்குப் பக்கத்தில் நின்ற ஸ்பிரிங்வெளித் தோட்டத்து அண்ணன் ஒருவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழும்பில் வேலை செய்யும் மகன் வாங்கி வைக்கச் சொன்னானாம். "வாங்கலாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

அவருடைய ஏடிஎம் காட் ஒரு பழைய பிளாஸ்டிக் உறையில் இருந்தது. உறையின் மேல் நீலப் பேனையால் நான்கு இலக்கம் எழுதியிருந்தது.

அன்றைக்கு அவருக்குச் சொன்னதைத்தான் இந்த அத்தியாயத்தில் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அவசரமாகப் பதில் வேண்டியவர்களுக்கு: வாங்க வேண்டாம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பேர்ஸின் விலை கிட்டத்தட்ட ஒரு நாள் பெயர், அதாவது ஒரு நாள் சம்பளம். அவ்வளவு கொடுத்து வாங்கும் சாமான் எந்தத் திருடனைத் தடுக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் காட்டை எடுத்து மேசையில் வையுங்கள்

படித்துக்கொண்டே செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

1. முன்பக்கத்தில் சதுரமான பொன்னிறத் தகடு இருக்கிறதா? அதுதான் சிப். இப்போது வரும் காட்களில் அநேகமாக இருக்கும்.

2. பின்பக்கத்தில் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டி இருக்கிறதா? அது காந்தப் பட்டி. பழைய பாட்டு கெசட்டின் நாடா மாதிரி. அதில் பதிந்திருப்பது எப்போதும் மாறாது.

3. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வளைந்த கோடுகள், வானொலி அலை மாதிரி, எங்காவது அச்சிட்டிருக்கிறதா? இருந்தால் உங்கள் காட்டை மெஷினில் செருகாமல் மேலே காட்டினாலே காசு கட்டலாம். கடைகளில் "டெப் பண்ணுங்க" என்பது இதைத்தான்.

4. பின்பக்கத்தில் மூன்று இலக்க எண் இருக்கிறதா? இணையத்தில் சாமான் வாங்கும்போது கேட்பது இந்த எண்.

மூன்றாவது அடையாளம் உங்கள் காட்டில் இல்லையென்றால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அலுமினிய பேர்ஸ், வெள்ளி உறை, தடுப்பு அட்டை எல்லாமே அந்த நான்கு கோட்டுக்காக மட்டும் செய்தவை. கோடு இல்லாத காட்டுக்கு அவை குடையில்லாத ஊரில் மழைக்கோட்டு விற்பது போலக்கூட இல்லை. மழையே இல்லாத ஊரில் விற்பது போல. அப்படியே ஏடிஎம் பகுதிக்குப் போய்விடுங்கள்.

குறிப்பு: தேசிய அடையாள அட்டைக்கும் இந்த உறையைப் போடச் சொல்லி விற்கிறார்கள். அடையாள அட்டையை டெப் பண்ணி யாரும் காசு எடுக்க முடியாது. ஈரம் படாமல் இருக்க சாதாரண பிளாஸ்டிக் உறை போதும்.

காற்றில் திருட முடியுமா?

கோட்பாடு கொஞ்சம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். டெப் காட்டுக்குள் பேட்டரி இல்லை. மெஷின் அனுப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்துதான் அது உயிர் பெறுகிறது. அதனால் மெஷினுக்குச் சில சென்டிமீட்டர் கிட்டே வந்தால்தான் பேசும். பெரிய அன்டெனாவும் மின்கருவியும் வைத்து ஆய்வகத்தில் தூரத்தைக் கூட்டிக் காட்டியிருக்கிறார்கள். பசறை பஸ்ஸில் நெருக்கிக்கொண்டு நிற்பவர் அதையெல்லாம் தூக்கிக்கொண்டு வரமாட்டார்.

சரி, கிட்டே வந்து வாசித்தே விட்டான் என்று வையுங்கள். அவனுக்கு என்ன கிடைக்கும்? காட் எண், காலாவதித் திகதி. பின் நம்பர் கிடைக்காது. பின்பக்கத்து மூன்று இலக்கமும் கிடைக்காது. அது காற்றில் போவதே இல்லை. ஒவ்வொரு தடவை டெப் பண்ணும்போதும் சிப் புதிதாக ஒரு இரகசியக் குறியீட்டைச் செய்கிறது. அது ஒரே ஒரு தடவைதான் செல்லும். நேற்று பிடித்த குறியீட்டை வைத்து இன்று காசு எடுக்க முடியாது.

உண்மையான காட் மெஷினையே ஒருவன் உங்கள் பொக்கட்டில் வைத்து அழுத்தினால்? சிறு தொகைக்கு பின் கேட்காமல் போகலாம் என்பது உண்மை. ஆனால் அந்த மெஷினை வங்கி ஒரு வியாபாரியின் பெயரில், அவருடைய அடையாள அட்டையும் கணக்கும் வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறது. காசும் அந்தக் கணக்குக்குத்தான் போகும். திருடன் தன் முகவரியை எழுதி வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

இந்த வகைத் திருட்டு முடியவே முடியாது என்று நான் எழுதவில்லை. திருடனுக்கு இதைவிட லேசான வழிகள் நிறைய இருக்கின்றன, அதனால் இந்த வழியில் வருவதில்லை. அந்த லேசான வழிகளுக்குத்தான் இந்த அத்தியாயத்தின் மிச்சப் பக்கங்கள்.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா? சோதியுங்கள்

வாங்கியவர் ஏமாந்ததாக வருந்த வேண்டாம். பேர்ஸ் பேர்ஸாக உதவும். ஆனால் அது சொன்னதைச் செய்கிறதா என்று பார்த்துவிடலாம்.

1. டெப் காட்டை வாசிக்கும் என்.எஃப்.சி. வசதியுள்ள ஒரு போன் தேவை. வீட்டில் இல்லையென்றால் படிக்கிற பிள்ளைகளிடம் இருக்கும். செட்டிங்கில் அந்த வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

2. வெறும் காட்டை போனின் முதுகில் ஒட்டி வையுங்கள். மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்துங்கள். ஓர் இடத்தில் போன் சத்தம் போடும், அல்லது நடுங்கும். அந்த இடத்தை நினைவில் வையுங்கள்.

3. இப்போது காட்டை உறைக்குள் போட்டு அதே இடத்தில் வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு ஓரம். நான்கிலும் போன் பேசாமல் இருந்தால் உறை வேலை செய்கிறது.

4. காட்டை உறைக்கு வெளியே அரைவாசி இழுத்து மறுபடி பாருங்கள். வாய் திறந்த உறைகள் பல இங்கேதான் தோற்கும்.

போன் இல்லையா? காட் மெஷின் உள்ள கடையில் சாமான் வாங்கும்போது, உறையோடு டெப் பண்ணிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காசு போய்விட்டால் சாமானும் கிடைத்தது, சோதனையும் முடிந்தது.

மனசுக்கு ஒரு உறை இருந்தால் நிம்மதி என்பவர்கள் காசு கொடுக்காமல் செய்யலாம். சமையலுக்குப் பயன்படும் அலுமினியத் தாளை காட்டின் அளவுக்கு இரண்டாக மடித்து, மூன்று ஓரத்தை ஒட்டுநாடாவால் மூடி, காட்டை உள்ளே செருகுங்கள். அவ்வளவுதான். 2011இல் அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை கடைகளில் விற்ற பத்துத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, அலுமினியத் தாளும் ஒட்டுநாடாவும் வைத்துக் கையால் செய்த உறை அவற்றில் பெரும்பாலானவற்றைவிட நன்றாகத் தடுத்தது. நம் ஊரில் இன்னொரு வசதி: தேயிலை அடைத்து வரும் உள்பக்கம் வெள்ளியான பக்கெட். அலுமினியத் தாள் ஒட்டியதாக இருந்தால் நன்றாக வேலை செய்யும். வெறும் வெள்ளிப் பூச்சு பூசிய பிளாஸ்டிக்கும் அதே மாதிரிதான் தெரியும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, போனில் வைத்துப் பாருங்கள்.

மற்ற சாமான்களைப் பற்றி ஒரு வரி ஒரு வரியாகச் சொல்லிவிடுகிறேன். பேர்ஸுக்குள் வைக்கும் "தடுப்பு அட்டை" பக்கத்திலுள்ள காட்டை மட்டும் கொஞ்சம் மறைக்கும். காட்டுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு கிட்ட என்பதைப் பொறுத்தது. வாங்காதீர்கள். பக்கத்தில் ஸ்கிம்மர், அதாவது காட்டை நகலெடுக்கும் கருவி, இருக்கிறதா என்று கண்டுபிடித்துச் சொல்வதாக வரும் போன் செயலிகளை இறக்கவே இறக்காதீர்கள். சுற்றியிருக்கும் புளூடூத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்பவை அவை. அதற்காக போனில் என்னென்ன அனுமதி கேட்கின்றன என்று பார்த்தாலே போதும். இரண்டு டெப் காட்களைச் சேர்த்து ஒரே பேர்ஸில் வைத்தால் மெஷின் அடிக்கடி குழம்பிப்போகும், கடைக்காரர் "ஒரு காட்ட மட்டும் காட்டுங்க" என்பார். அது இலவசத் தடுப்பு.

உண்மையான ஸ்கிம்மிங் எங்கே நடக்கிறது

கறுப்புப் பட்டியில். மெஷினின் காட் வாயில் ஒரு போலி வாயை ஒட்டி வைத்து, நீங்கள் செருகும்போது பட்டியை நகலெடுப்பார்கள். பின் நம்பரைப் பிடிக்க, மேலே ஊசித்துளைக் கமரா, அல்லது விசைப்பலகையின் மேல் மெல்லிய போலிப் பலகை. இரண்டும் சேர்ந்தால் உங்கள் காட்டின் இரட்டைப் பிள்ளை இன்னொரு ஊரில் பிறந்துவிடும். இலங்கையில் இப்படி ஏடிஎம்களில் கருவி பொருத்திய வெளிநாட்டவர்கள் கைதாகியிருக்கிறார்கள். இது குற்றம் என்று தனியாகவே ஒரு சட்டம் இருக்கிறது: 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம்.

பட்டியின் காலம் முடிந்துகொண்டு வருகிறது. 2033க்குள் தன் கிரெடிட், டெபிட் காட்கள் எதிலும் பட்டி இராது என்று மாஸ்டர்காட் 2021இலேயே அறிவித்துவிட்டது. அதுவரை பட்டி இருக்கும், எனவே கவனமும் இருக்க வேண்டும். அலுமினிய பேர்ஸ் இங்கே ஒன்றும் செய்யாது. காசு எடுக்க காட்டை வெளியே எடுத்துத்தானே ஆக வேண்டும்?

ஏடிஎம்மில் நிற்கும்போது: வரிசைப்படி

பத்தாம் திகதி சம்பளம் வந்த பிறகு பதுளை ஏடிஎம்களில் நீளும் வரிசையை எல்லோரும் அறிவோம். தீபாவளி முற்பணம் வந்தால் கேட்கவே வேண்டாம். பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துவார். அப்போதுதான் தவறு நடக்கும். எனவே வரிசையை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்.

1. முடிந்தால் வங்கிக் கட்டடத்துக்குள், அல்லது வாசலில் காவலாளி நிற்கும் மெஷினுக்குப் போங்கள். வங்கி திறந்திருக்கும் நேரம் இன்னும் நல்லது. காட் மாட்டிக்கொண்டால் உள்ளே போய்ச் சொல்லலாம். எல்லவில் போல உல்லாசப் பயணிகள் கூடும் இடத்தில், கடை வரிசையின் ஓரத்தில் தனியாக நிற்கும் மெஷினை வேறு வழியில்லாவிட்டால் மட்டும்.

2. காட்டைச் செருகும் முன், காட் வாயைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். உண்மையான வாய் அசையாது. கழன்று வருவது, பசை கசிவது, நிறம் பக்கத்தோடு ஒட்டாமல் இருப்பது: மூன்றில் ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். சில வங்கிகள் தாங்களே பச்சை நிறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பாதுகாப்பு வாயைப் பொருத்தியிருக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அதுவும் அசையக் கூடாது, அதுதான் கணக்கு.

3. விசைப்பலகையின் ஓரத்தை நகத்தால் தடவுங்கள். மேலே இன்னொரு தகடு ஏறியிருந்தால் விளிம்பு தட்டுப்படும்.

4. இடது கையை விசைப்பலகைக்கு மேல் கூரை மாதிரி பிடித்துக்கொண்டு வலது கையால் அழுத்துங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பட்டியை நகலெடுத்தாலும் பின் இல்லாமல் ஏடிஎம்மில் ஒரு சதமும் வராது. கொழுந்துக் கூடையிலிருந்த கை என்றாலும் கூரையாக நிற்கும்; செலவும் இல்லை.

5. காசை எண்ணுவதற்கு முன் காட்டை எடுங்கள். பிறகு காசு. பிறகு துண்டு. துண்டை அங்கேயே போடாதீர்கள்.

6. போனுக்கு எஸ்.எம்.எஸ். வரும்வரை ஒரு நிமிடம் நின்று தொகையைச் சரிபாருங்கள்.

காட் மாட்டிக்கொண்டால்

மெஷினில் ஒரு நாடாவோ மெல்லிய பிளாஸ்டிக்கோ வைத்து காட்டைச் சிக்க வைக்கும் தந்திரம் ஒன்று உண்டு. காட் உள்ளே போகும், வெளியே வராது. அப்போது பக்கத்தில் நிற்கும் நல்ல மனிதர் ஒருவர், "பின்ன இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க, வந்துரும்" என்பார். நீங்கள் அடிப்பீர்கள், அவர் பார்ப்பார். நீங்கள் போனதும் காட்டை இழுத்து எடுப்பார்.

இப்படிச் செய்யுங்கள்:

1. பின் நம்பரை மறுபடி அடிக்க வேண்டாம். கான்சல் ஒரு தடவை அழுத்துங்கள்.

2. இடத்தை விட்டு நகராமல், மெஷினில் ஒட்டியிருக்கும் வங்கியின் எண்ணுக்கு அல்லது முன்பே போனில் பதிந்து வைத்த எண்ணுக்குப் பேசுங்கள். மெஷினுக்குப் பக்கத்தில் காகிதத்தில் கையால் எழுதி ஒட்டிய எண் இருந்தால் அதற்குப் பேசாதீர்கள்.

3. காட்டை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் சொன்ன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகுதான் அங்கிருந்து நகரலாம்.

ஒரு பொய்யையும் இங்கே உடைத்துவிடுகிறேன். பின் நம்பரைத் திருப்பிப்போட்டு அடித்தால் பொலிஸுக்குத் தகவல் போகும் என்று வாட்ஸ்அப்பில் வருடாவருடம் ஒரு செய்தி சுற்றுகிறது. அப்படி எதுவும் இல்லை. பின் பிழை என்று மெஷின் சொல்லும், திரும்பத் திரும்ப அடித்தால் காட் முடங்கும்.

காட்டை இன்னொருவர் கையில் கொடுப்பது

இனிச் சொல்வது யாருக்கும் சங்கடமான விஷயம். ஆனால் தோட்டப் பக்கம் காட் காசு போவதில் பெரும் பங்கு இந்தக் கதவால்தான் போகிறது என்பது நான் பார்த்தது.

ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்கு இறங்கி, வரிசையில் நின்று, பஸ் பிடித்து நமுனுகுல மலைப் பக்கம் திரும்பி ஏற அரை நாளுக்கு மேல் போகும். வேலை நாளாக இருந்தால் ஒரு பெயர் போகும். அதனால் டவுனுக்குப் போகும் ஒருவரிடம் நாலைந்து வீட்டுக் காட்களையும் கொடுத்தனுப்புவது வழக்கம். பின் நம்பர் மறந்துவிடுமென்று உறையில் எழுதி. அந்த ஆள் நல்லவராகவே இருக்கட்டும். நாலு காட்டும் நாலு பின்னும் வைத்த ஒரு பையை பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினால்?

இன்னொன்று, கடைக் கணக்குக்கு காட்டையே ஈடாக வைப்பது. சம்பளம் விழுந்ததும் கடைக்காரரோ வட்டிக்குக் கொடுத்தவரோ தானே எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். எவ்வளவு எடுத்தார் என்பது அவர் சொல்வதுதான். துண்டு வராது, எஸ்.எம்.எஸ். வேறு யாருடைய போனுக்கோ போகும். கடன் அடைந்ததா இல்லையா என்று எண்ணிப் பார்க்க உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. காட்டையும் பின்னையும் நீங்களே மனமொத்துக் கொடுத்த பிறகு காசு போனால், வங்கியிடம் முறையிட்டும் பெரிதாகப் பலன் இராது. பின் நம்பரைப் பாதுகாப்பது காட் வைத்திருப்பவரின் பொறுப்பு என்று காட் வாங்கும்போது கையெழுத்திட்ட தாளில் இருக்கிறது. நாம் யாரும் அதைப் படிப்பதில்லை, நான் உட்பட.

"கொடுக்காதீர்கள்" என்று எழுதிவிட்டுப் போவது லேசு. போக முடியாதவர் என்ன செய்வது? படிப்படியாக:

1. இரண்டு கணக்கு வையுங்கள். சம்பளம் விழும் கணக்குக்கு காட். சேமிப்புக்கு காட் இல்லாத பாஸ்புக் கணக்கு. சம்பளம் வந்ததும் செலவுக்கானதை விட்டுவிட்டு மிச்சத்தைப் பாஸ்புக் கணக்குக்கு மாற்றுங்கள். மாதாமாதம் தானாக மாற்றும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கலாம். காட்டை யார் நகலெடுத்தாலும், யார் கையில் போனாலும், அதிலுள்ளது அந்த மாதச் செலவுக் காசு மட்டும். இந்த ஏற்பாடு செய்யும் வேலையை எந்த அலுமினிய பேர்ஸும் செய்யாது.

2. நாளொன்றுக்கு எடுக்கக்கூடிய தொகையைக் குறையுங்கள். வங்கி தானாக வைத்திருக்கும் எல்லை உங்கள் மாதச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். கிளையில் கேட்டால் குறைத்துத் தருவார்கள். சில வங்கிகளின் செயலியிலேயே செய்யலாம். டெப் வசதி வேண்டாமென்றால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். வெளிநாட்டிலும் இணையத்திலும் பாவிப்பது வேண்டாமென்றால் அவற்றையும்.

3. குடும்பத்தில் ஒருவர்தான் போக வேண்டுமென்றால், அவரோடு கூட்டுக் கணக்கு திறந்து அவருக்கும் தனிக் காட் வாங்குங்கள். அப்போது ஒருவர் பின்னை மற்றவர் அறிய வேண்டியதில்லை.

4. பின் நம்பரை மறக்காமலிருக்க, பிறந்த வருடமும் அடையாள அட்டை எண்ணின் கடைசி நான்கும் வேண்டாம்; பேர்ஸைத் திருடியவன் முதலில் அடித்துப் பார்ப்பது அவற்றைத்தான். உங்களுக்கு மட்டும் தெரிந்த கணக்கொன்றைப் பிடியுங்கள். முதன்முதலில் பெயர் போட்ட வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், பிறகு அன்று நிறுத்த கொழுந்துக் கிலோ. யாருக்குத் தெரியப் போகிறது?

5. ஏற்கனவே யாருக்காவது பின்னைச் சொல்லியிருந்தால், அடுத்த தடவை டவுனுக்குப் போகும்போது ஏடிஎம்மிலேயே மாற்றிவிடுங்கள். யாரிடமும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. மெஷின் மாற்றச் சொன்னது என்று சொல்லிக்கொள்ளலாம்.

போன் வழியாக வருவது

வங்கியில் பதிந்திருக்கும் போன் எண் உங்களுடையதா? போய்க் கேட்டுப் பாருங்கள். கணக்குத் திறந்த நாளில் பிள்ளையின் எண், அல்லது படிவம் நிரப்பிக் கொடுத்தவரின் எண், அல்லது இப்போது பாவனையில் இல்லாத சிம். இப்படித்தான் பல கணக்குகள் இருக்கின்றன. அந்தப் பழைய சிம் இன்று யார் கையிலோ. எஸ்.எம்.எஸ்ஸும், ஒரு தடவை பாவிக்கும் ஓ.டி.பி. எண்ணும் அங்கேதான் போகும்.

இன்றைக்கு காட் விவரம் திருடுபவன் கிட்டே வருவதே இல்லை. செய்தி அனுப்புகிறான். தபாலில் பொதி வந்திருக்கிறது, சிறு கட்டணம் கட்டுங்கள், இங்கே அழுத்துங்கள் என்று வரும். இலங்கைத் தபால் திணைக்களமே இதைப் பற்றி மக்களை எச்சரித்திருக்கிறது. அழுத்தினால் திணைக்களத்தின் பக்கம் மாதிரியே ஒன்று திறக்கும். காட் எண், திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம், கடைசியில் ஓ.டி.பி. எல்லாவற்றையும் நீங்களே தட்டச்சு செய்து கொடுப்பீர்கள். அப்போது காட் அலுமினிய பேர்ஸுக்குள் பத்திரமாக இருந்தாலும் ஒன்றுதான். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்பவனும் இதே ஆள்தான். வங்கி ஒருபோதும் கேட்காது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ செய்தி வந்து புரியவில்லையென்றால், புரியாத செய்திக்குப் பதில் போடாமல் கிளைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

காசு போய்விட்டால்

வரிசை முக்கியம். அழுவதும் ஆளைத் தேடுவதும் பிறகு.

1. உடனே காட்டை நிறுத்துங்கள். செயலி இருந்தால் அதிலேயே, இல்லையென்றால் காட்டின் பின்பக்கத்து எண்ணுக்குப் பேசி. காட் தொலைந்தால் அந்த எண்ணும் சேர்ந்து தொலைந்துவிடும்; அதனால் இன்றே போனில் பதிந்து, சாமிப் படத்துக்குப் பின்னாலும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். காட் எண்ணை எழுதாதீர்கள், வங்கியின் தொலைபேசி எண்ணை மட்டும்.

2. பேசிய நேரம், பேசியவரின் பெயர், அவர் தந்த முறைப்பாட்டு எண்.

3. வந்த எஸ்.எம்.எஸ். எதையும் அழிக்காதீர்கள்.

4. அடுத்த வேலை நாளில் கிளைக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம். இரண்டு பிரதி, ஒன்றில் திகதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். "பாக்குறோம் போங்க" என்பதை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

5. பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் எண்ணையும் வாங்குங்கள். இணையம், போன் வழி நடந்த மோசடி என்றால் இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவின் 101 என்ற எண்ணும் இருக்கிறது.

6. வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்று பட்டாலோ, இலங்கை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935இல் பேசுங்கள். முதலில் வங்கிக்குக் கொடுத்தீர்களா என்று கேட்பார்கள். அதற்குத்தான் அந்த முத்திரையிட்ட பிரதி. நிதி ஓம்புட்ஸ்மனுக்கும் எழுதலாம்.

ஏடிஎம்மில் காசு வெளியே வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் அது திருட்டில்லை, மெஷின் கோளாறு. இதே முதல் நான்கு படிகள்தான். மெஷின் இருந்த இடத்தையும் நேரத்தையும் சரியாகச் சொல்லுங்கள். வேறு வங்கியின் மெஷினாக இருந்தாலும் முறைப்பாடு உங்கள் வங்கிக்குத்தான்.

காலாவதியான காட்

புதிய காட் வந்ததும் பழையதை அலுமாரியில் போட்டு வைக்கிறோம். பிள்ளைகள் விளையாட எடுப்பார்கள். நல்ல கத்தரிக்கோலை எடுங்கள். முதலில் சிப்பின் நடுவால் ஒரு வெட்டு. பிறகு கறுப்புப் பட்டியைக் குறுக்காக மூன்று நான்கு துண்டாக. காட் எண்ணின் இலக்கங்கள் வெவ்வேறு துண்டில் விழ வேண்டும். பாதித் துண்டுகளை ஒரு நாள் குப்பையிலும் மீதியை இன்னொரு நாளும் போடுங்கள். அடுப்பில் போட வேண்டாம், பிளாஸ்டிக் புகை நெஞ்சை அடைக்கும்.

அந்த ஸ்பிரிங்வெளி அண்ணன் பேர்ஸை வாங்கவில்லை. கடைக்காரத் தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதற்காக அவரிடம் ஒரு போன் கவரும் நூறு ரூபாய்க்கு ஒரு சாதாரண காட் உறையும் வாங்கினோம். பழைய உறையை அந்த இடத்திலேயே நாலாகக் கிழித்தோம். பின் நம்பரை மாற்ற ஏடிஎம் வரிசையில் நின்றபோது அவர் மகனுக்குப் போன் எடுத்து, "டேய், ஒன் காட்டு உறையில என்ன எழுதி வச்சிருக்க?" என்று கேட்டார்.